வெள்ளைக் காரும் மூலை மனையும்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. வீடுதான் கடைசிவரை வரவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரர் மனை புரோக்கர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனையோ குடும்பத்துக்கு வீட்டுமனை பார்த்துக் கொடுத்தவர். நாங்கள் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில் இருந்தோம். நான் பிறந்ததும் வாடகை வீட்டில்தான். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். அவர்களும் கூடாது என்றுதான் சொல்வார்கள். எனக்கு நகை ஆசை கிடையாது, பட்டு ஆசை கிடையாது. என் வீடு என்று சொல்லிக்கொள்ள நாலு சுவர் வேண்டும், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் சைக்கிளில் சுற்றி மனை பார்த்துக் கொடுப்பார். ஒருமுறை மதுரையிலிருந்து ஒரு பெரிய மனிதர் மனை பார்க்க வந்தார். தன் காரிலிருந்து இறங்கினார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற இவரை மேலும் கீழும் பார்த்தார். "புரோக்கர் இன்னும் வரலையாப்பா?" என்று இவரிடமே கேட்டார். "நான்தான் சார்" என்று இவர் சொன்னதும், "சரி, பொறவு பார்க்கலாம்" என்று காரில் ஏறிப் போய்விட்டார். மனையைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். "ஏட்டி, என்னைய ஒரு ஆளாவே மதிக்கலட்டி அவன். மண்ணைப் பார்க்க வந்தவன் என் சைக்கிளைப் பார்த்துட்டுப் போயிட்டான்" என்றார்.  "போறான், விட்டுத் தள்ளுங்க" என்றேன். அவர் விடவில்லை. மில் வேலையை விட்டார். சைக்கிளுக்குப் பிறகு ஒரு மொபெட் வந்தது. அதற்கும் மரியாதை இல்லை. கடைசியில், ஒரு முதலாளி வீட்டில் ஓடி, புது வண்டி வந்ததும் ஒதுங்கிய வெள்ளை அம்பாசிடர் எங்களுக்கு வந்தது. என் கழுத்துச் சங்கிலி அதற்குள்தான் போனது.

கார் வந்த பிறகு ஊர் மாறிய மாதிரி இருந்தது. அவர் அதே மனிதர், அதே வெள்ளைச் சட்டை, அதே பேச்சு. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றார்கள். ஓர் ஊரில் தாசில்தார் வருகிறார் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்களாம். "உக்காந்தியளா?" என்று கேட்டேன். "பின்ன? போட்ட நாற்காலியில உக்காராம வரலாமா?" என்றார். அன்றைக்கெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்தோம்.

ஆனாலும் சைக்கிளை அவர் விற்கவில்லை. அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. வாங்குகிற ஆளைப் பார்க்கக் காரில் போக வேண்டும், விற்கிற ஆளைப் பார்க்கச் சைக்கிளில் போக வேண்டும். தளவாய்புரம் பக்கம் ஒரு விவசாயச் சம்சாரியிடம் நிலம் கேட்கக் காரில் போனால், காரை விட்டு இறங்குவதற்குள் நிலத்தின் விலை ஏறிவிடும். அதனால் காலையில் கசங்கிய வேட்டியோடு சைக்கிளில் போவார். மாலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு காரில் கிளம்புவார். "இன்னைக்கு என்ன வேசம், ராசாவா ஆண்டியா?" என்று வாசலில் நின்று கேட்பேன். "ரெண்டுமேதான், நீ உள்ள போ" என்பார்.

காருக்குள் அவர் செய்து வைத்திருந்த ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும். பின் சீட்டுக்கு வெள்ளைத் துவாலை. வாரத்துக்கு இரண்டு முறை நான்தான் துவைக்க வேண்டும். முன்னால் ஆண்டாள் படம், பூ. கிறிஸ்தவக் குடும்பம் ஏதாவது வருகிறதென்றால் அந்தப் படம் டப்பாவுக்குள் போய், ஒரு வேதவசன அட்டை வெளியே வரும். "சாமிக்கே வேசமா?" என்று நான் திட்டுவேன். "அவிய ரெண்டு பேரும் அங்க சண்டை போட்டுக்கிட மாட்டாவ, நீ எதுக்குப் போடுத?" என்பார். அவரோடு சண்டை போட்டு ஜெயிக்கவே முடியாது.

இவ்வளவு நல்ல காரை வைத்துக்கொண்டு நாங்கள் குடியிருந்தது ராஜபாளையத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே குழாய். அவர் வைத்த முதல் சட்டம், மனை வாங்க வருகிற பார்ட்டி யாருக்கும் நம் வீடு தெரியக் கூடாது என்பதுதான். காரை முன்தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். "உங்க வீட்டுக்குப் போய்ச் செத்த நேரம் இருந்துட்டுப் போவோமே" என்று யாராவது சொன்னால், "வீட்டுல வெள்ளையடிக்காவ" என்று சொல்லி ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எங்கள் வீட்டுக்கு வருடம் முழுக்க வெள்ளையடிப்புதான். மனை விற்கிறவன் வாடகைக்கு இருக்கிறான் என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள் என்பது அவர் கேள்வி. எனக்கு அது சரியாகவும் பட்டது, அவமானமாகவும் இருந்தது.

பிறகு அவரே நிலம் பேசி, மனை பிரித்து, கல் ஊன்றி விற்க ஆரம்பித்தார். தளவாய்புரம் போகிற சாலையில் முதல் லேஅவுட். அதில் ஒரு மூலை மனை. இரண்டு பக்கம் ரோடு, தடையில்லாத காற்று. "இது நமக்கு" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு நாள் காலையில் என்னையும் மகளையும் காரில் அழைத்துப் போனார். கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவி, தரையில் ஒரு வீட்டை வரைந்தார். வாசல், கூடம், அறை, அடுப்பங்கரை எல்லாம் வெள்ளைக் கோட்டில் இருந்தன. அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்த என் மகள், ஒரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "இது என் ரூம்பு, யாரும் வரக் கூடாது" என்றாள். நானும் கோட்டை மிதிக்காமல் வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். வெறும் தரைதான். இருந்தாலும் சுவரைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

மனை வாங்க வருகிற எல்லாரும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள். "உங்களுக்குன்னு எதை வச்சிருக்கிய?" அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு புரோக்கரும் ஒரு பதில் வைத்திருப்பான். பாதிப் பேர் சும்மா ஒரு கல்லைக் காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு வீட்டைக் காட்டினார், அதற்குள் நின்ற என்னையும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ட்டி குடும்பத்தோடு வந்தால் நானும் காரில் போவேன். வருகிற பெண்களோடு பின் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போவேன். மனைக்குப் போனதும், "இது அடுப்பங்கரை, காலை வெயில் இங்க விழும். இந்த மூலையில கருவேப்பிலை. துணி காயப்போட பின்னால இடம் விட்டிருக்கோம்" என்று சொல்வேன். அந்தப் பெண்களும் கோட்டைத் தாண்டாமல் வாசல் வழியாகவே வருவார்கள். நான் நடிக்கவில்லை. நிஜமாகவே அங்கே குடி போகப் போகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள்.

ஒரு மில் சூப்பர்வைசர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். "அப்ப அந்த மூலையையே எனக்குக் குடுத்திருங்க" என்றார். இவர் முடியாது என்றார். அந்த மனிதர் விடவில்லை. "கார் வச்சிருக்க மனுசன், நல்லது கெட்டது தெரிஞ்சுதான எடுத்து வச்சிருப்பிய? அதைத் தரமாட்டேன்னா மத்தது எல்லாம் மட்டம்னுதான அர்த்தம்?" என்று மற்றப் பார்ட்டிகள் காதில் விழும்படி சத்தமாகக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "எனக்குன்னு சொன்னியளே, அதை எப்படிக் குடுக்க மனசு வந்துச்சு?" என்று கத்தினேன். காம்பவுண்டில் எல்லார் வீட்டுக் கதவும் திறந்தது. "கத்தாதட்டி. அடுத்த லேஅவுட்ல இதைவிட நல்ல மூலை வருது. மண்ணா தட்டுப்பாடு?" என்றார். அடுத்ததும் வந்தது, தென்காசி சாலையில். அங்கும் சுண்ணாம்புக் கோடு போட்டார். இந்தத் தடவை நான் கருவேப்பிலைக் கன்றைக்கூட கொண்டுபோய் ஊன்றிவிட்டு வந்தேன். வாத்தியார் தம்பதி ஒன்று வந்து பார்த்தது. கன்றோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போனது.

எனக்குக் கணக்குப் புரிய ஆரம்பித்தது அப்போதுதான். சைக்கிளில் வருகிறவன் தனக்கென்று எடுத்து வைத்த மனையை யார் கேட்பார்கள்? அந்த வெள்ளைக் கார்தான் என் மூலைக்கு விலை வைத்தது. காரில் வருகிறவன் எடுத்து வைத்ததுதான் ஆகச் சிறந்தது என்று வருகிற எல்லாரும் நினைத்தார்கள். கார் எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் என் வீடு கை மாறும். இதை அவரிடம் சொன்னேன். "அறிவாத்தான் பேசுத" என்று சொல்லிவிட்டுக் காரைத் துடைக்கப் போய்விட்டார்.

தொண்ணூறுகளில் காம்பவுண்டு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து மடவார் வளாகத்தில் ஒரு வீடு பிடித்தோம். அதுவும் வாடகைதான், வீட்டுக்காரம்மா குடும்பமும் அதே வீட்டில்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் வன்னியம்பட்டியில் ஒரு லேஅவுட் எடுத்தார். மேற்கே மலை முழுசாகத் தெரியும். "இந்தத் தடவை சுண்ணாம்புச் சோலியே வேண்டாம். நேரா வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டுருவோம். அஸ்திவாரம் போட்ட இடத்தை எவன் கேப்பான்?" என்றார். சொன்னபடி தோண்டினார். கல் இறங்கியது, கொத்தனார் வந்தார், முழங்கால் உயரத்துக்கு என் வீடு எழும்பியது.

 கட்டுக்குத் தண்ணீர் விட வேண்டும், அங்கே கிணறு கிடையாது. சாயங்காலமானால் பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் பிடித்துக் காரில் வைத்துக்கொண்டு போவோம். டிக்கியில் கொஞ்சம், பின் சீட்டில் கொஞ்சம். குடம் தளும்பி வெள்ளைத் துவாலை எல்லாம் நனைந்து போகும். பார்ட்டி செருப்புக் காலோடு ஏறினாலே முகம் சுளிக்கிற மனிதர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே குடம் சுமந்து ஊற்றினார். மகள் தன் அறைக்கு மட்டும் தனியாகத் தண்ணீர் விடுவாள். "இந்தச் சன்னல்ல மலை தெரியணும்பா" என்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் முழுசாகச் சந்தோஷமாக இருந்தது அந்தச் சாயங்காலங்களில்தான்.

அப்போதுதான் பம்பாயிலிருந்து அந்தத் தம்பதி வந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் கையைப் பிடித்தபடியே வந்தார். சின்ன வயதில் கோயில் தெப்பத்தைப் பார்க்க ஓடியதை எல்லாம் சொன்னார். நல்ல மனுஷி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அஸ்திவாரத்தைப் பார்த்ததும், "இது யாரு கட்டுதாவ?" என்று கேட்டார். "நாங்கதாம்மா" என்றேன். எங்கே எது வரப்போகிறதென்று காட்டினேன். அவர் கல்கட்டின் மேல் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்கயே உக்காந்திறலாம் போல இருக்கும்மா" என்றார். 

அவருடைய வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துப் பேசினார். அந்த மூலையைக் கொடுத்தால், விற்காமல் கிடக்கிற மனைகளில் ஒரு வரிசையைப் பம்பாய்ச் சொந்தக்காரர்களுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். அந்த லேஅவுட் சரியாக ஓடவில்லை. நிலத்துக்குப் பணம் கட்டுவதாக நிலக்காரருக்குச் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதல்முறையாக என்னைக் கேட்டார். அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, "நீ என்ன சொல்லுத?" என்றார். "வேண்டாம்" என்றேன். "யோசிச்சுச் சொல்லு." "யோசிக்க ஒண்ணுமில்ல. எனக்கு இந்த வீடு வேணும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன், வேண்டாம்" என்றேன். சரி என்று தலையாட்டினார். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் கையில் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தார். காரணமில்லாமல் இனிப்பு வாங்கி வருகிற ஆள் இல்லை அவர். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பொட்டலத்தைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். "அட்வான்ஸ் வாங்கிட்டியளா?" என்று கேட்டேன்.  "அந்தம்மா கார்ல உக்காந்து அழுதுட்டாவட்டி" என்றார். "நான் அழுதது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன். அவர் கீழே உட்கார்ந்து, சிதறிய பால்கோவாவைக் கையால் வழித்துக் காகிதத்தில் போட ஆரம்பித்தார். எறும்பு வந்துவிடும் என்று வீட்டுக்காரம்மா திட்டுவார்களே என்ற பயம் அவருக்கு. எங்கள் முற்றம்கூட எங்களுடையது இல்லையே.

என் அஸ்திவாரத்தின் மேல் அவர்கள் வீடு எழும்பியது. ஒரு வெள்ளிக்கிழமை கோயில் பிரகாரத்தில் அந்த அம்மா என்னைப் பார்த்து ஓடி வந்தார். "நீங்கதான் வந்து பால் காய்ச்சணும். உங்க கைராசியில எழும்புன வீடு. நீங்க எங்கெங்க என்ன வைக்கணும்னு சொன்னியளோ அப்படியே வச்சிருக்கோம்" என்றார். நான் வர மாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். "போகலன்னா தப்பா நினைப்பாவ" என்று இவர் கெஞ்சினார். கடைசியில் போனேன். அவர் கெஞ்சியதற்காக இல்லை. என் வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

அப்படியே இருந்தது. காலை வெயில் நான் சொன்ன இடத்தில் விழுந்தது. புது அடுப்பில் புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி நான் பற்ற வைத்தேன். சுற்றி எல்லாரும் பொங்கட்டும் பொங்கட்டும் என்று நின்றார்கள். என் மகள் எங்கே என்று தேடினேன். அவள் உள்ளறையில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு எல்லாம் புரிகிற வயது. திரும்பி என்னைப் பார்த்து, "அம்மா, இங்கேருந்து மலை தெரியுது" என்றாள். பால் பொங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள். நான் சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "சந்தோசத்துல அழுதாவ" என்று அந்த அம்மா எல்லாரிடமும் சொன்னார்.

திரும்பி வரும்போது பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். "இனி எந்த மனைக்கும் என்னையக் கூப்பிடாதிய. நான் வர மாட்டேன்" என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.  அதற்குப் பிறகு அவர் கூப்பிடவும் இல்லை. மூலை மனை என்ற பேச்சையும் எடுக்கவில்லை. பொய்யாகவாவது, அடுத்த லேஅவுட்டில் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சும் நின்ற பிறகுதான், இனிமேல் எனக்கு வீடு கிடையாது என்று எனக்கு உறைத்தது.

அதற்குள் காலம் மாறிவிட்டது. மனை பார்க்க வருகிறவர்களே மாருதியில் வந்தார்கள். இளவட்டப் புரோக்கர்கள் சுமோவில் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் அம்பாசிடரைப் பார்த்து, "இன்னும் இந்த வண்டிதானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "காரை வித்துட்டு ஒரு சின்ன மனையாவது எடுப்போமே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "காரை விட்டு இறங்கி நடந்தா, அவன் கதை முடிஞ்சு போச்சும்பானுக. பொறவு ஒரு பார்ட்டி வர மாட்டான்" என்றார். துருப்பிடித்த இடத்துக்கெல்லாம் பெயிண்ட் அடித்து ஓட்டினார். சட்டைக் காலர் கிழிந்திருந்தாலும் காருக்குப் புதுத் துவாலை வாங்கினார். எனக்குக் கோபம் போய், அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ பிடித்து வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம், அவ்வளவுதான். மத்தியானம் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தோம். வண்டி மடவார் வளாகத்துக்குள் திரும்பும்போதே வீட்டுக்காரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பந்தக்கால் நட்டாகிவிட்டது. "கோவிச்சுக்கிடாதிய தாயி. உங்க கஷ்டம் எனக்குப் புரியாமயா? ஆனா மங்கலக் காரியம் நடக்கப் போற வீடு. உள்ள மட்டும் கொண்டு வராதிய. தெருவுல அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க" என்று அழுதுகொண்டே சொன்னார். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீடு, அவர்கள் பிள்ளை. என்னால் என்ன சொல்ல முடியும்?

தெருவில் கொஞ்சம் நிழலிருந்த இடத்தில் எங்கள் கார் நின்றிருந்தது. சாவியைத் தேட யாருக்கும் பொறுமையில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளி அதை அப்பால் நிறுத்தினார்கள். கார் நின்ற இடத்தில் பெஞ்சு போட்டு, மேலே துணிப்பந்தல் கட்டி, அவரைக் கிடத்தினோம். கல்லூரியிலிருந்து வந்த மகள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளின் புழுதி முகத்தில் விழாமல் ஒரு துண்டால் மறைத்துக்கொண்டே இருந்தாள்.

செய்தி தெரிந்து பார்ட்டிகள் வந்தார்கள். ராஜபாளையத்திலிருந்தும் தளவாய்புரத்திலிருந்தும் வந்தார்கள். தெரு நெடுகக் கார்கள் நின்றன. ஒவ்வொருவரும் மாலை போட்டுவிட்டு, "சொந்த வீட்டுல இருக்கோம்னா அவியளாலதான்" என்று சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அழுதார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஒருவரையும் ஏமாற்றாதவர். பம்பாய் அம்மாவும் வந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டார். அப்போது யாரோ ஒருவர், "ஏன் தெருவுல போட்டு வச்சிருக்காவ? வீட்டுக்குள்ள வைக்கலாமே?" என்று கேட்டார். "வாடகை வீடாம். வீட்டுக்காரங்க விட மாட்டேன்னுட்டாங்களாம்" என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான். "அவருக்கா? வாடகை வீடா?" என்று கேட்டவர் நம்பாமல் அப்பால் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மாவின் கை என் தோளில் அப்படியே நின்றுவிட்டது. "வாடகையாம்மா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "உங்களுக்கு ராஜபாளையத்துல பெரிய வீடு இருக்கும்னுல்லா நினைச்சேன். வன்னியம்பட்டியில சும்மா ரெண்டாவது வீடு கட்டுதாவன்னு நினைச்சுத்தான கேட்டேன்" என்றார்.  பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் அந்த இடத்தைக் கேட்டே இருக்க மாட்டேனே தாயி. பக்கத்து மனையில சந்தோசமா இருந்திருப்பேனே."

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் வந்தது. பெஞ்சில் கிடந்த என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, "கேட்டியளா? காதுல விழுந்துச்சா உங்களுக்கு?" என்று கத்தினேன். புருஷன் போன துக்கத்தில் கத்துகிறேன் என்று எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, அவரவர் வீட்டுக்குப் போயின. வீட்டுக்காரம்மா ஒரு வாளித் தண்ணீரும் விளக்குமாறும் கொண்டுவந்து வாசலோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். நானும் மகளும் தெருவில் அவர் கிடந்த இடத்தைக் கழுவிவிட்டோம்.